பாலின்றிப் பசியாறுவோம்: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு பாடம்



தைப்பூசத்திற்கும் பங்குனி உத்திரத்திற்கும் விரதம் இருப்போர் நம்மிடையே பலர். ஒரு மண்டலம், அதாவது 48 நாள், புலால் நீக்கி உண்பவர்களும் உண்டு. அவர்களுள் சிலர் விரதம் முடிந்த பின்னரும் அந்நெறியை விட மனமின்றித் தொடர்கின்றனர். அண்மைக் காலமாக அதற்கும் ஒரு படி மேலே சென்று, பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விட்டுவிட விரும்பும் இளையோரை நம் ஆலயத்திலேயே காண்கிறேன். கறவை மாடுகளும் கன்றுகளும் படும் துன்பத்தை எண்ணி விடுவோர் சிலர். உடல்நலம் கருதி விடுவோர் சிலர். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் விடுவோர் சிலர். காரணம் எதுவாயினும், அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "காலையில் என்ன சாப்பிடுவது?"

கேள்வி சிறியது, ஆனால் பொருத்தமானது. மதியத்திற்கும் இரவுக்கும் சோறு, பருப்பு, கீரை, கூட்டு என்று நம் சமையலறையில் வழியுண்டு. காலைப் பொழுதில்தான் இடர்ப்பாடு. வேலைக்கும் பள்ளிக்கும் புறப்படும் அவசரம் ஒருபுறம். தேநீரில் பால், தோசையில் நெய், ரொட்டியில் வெண்ணெய் என்று எங்கும் பாலே நிறைந்திருப்பது மறுபுறம். ஆகவே பலர் பாலை நீக்கிவிட்டு, வெள்ளை ரொட்டியும் சீனி போட்ட தே ஓ-வும் உட்கொண்டு புறப்பட்டு விடுகின்றனர். பத்து மணிக்குப் பசி வந்துவிடும். ஒரு மாதத்தில் உடல் சோர்ந்துவிடும். "இந்த நெறி நமக்கு ஒத்துவராது" என்று கைவிட்டு விடுவர். ஒத்துவராதது நெறி அன்று. அவர்கள் உண்ட உணவே.

இந்தக் கட்டுரையின் சாரத்தை ஒரே வரியில் சொல்லிவிடுகிறேன். பாலை நீக்கினால் மட்டும் போதாது. பால் தந்து வந்ததை வேறொன்று தர வேண்டும்.

1. பெயரும் பொருளும்

புலால் மட்டும் நீக்கியது சைவ உணவு. பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், முட்டை, தேன் என உயிரினங்களிடமிருந்து வரும் அனைத்தையும் நீக்கியது 'வீகன்' உணவு. தமிழில் இதனை 'நனிசைவம்' என்று வழங்குகின்றனர். வீகன் என்னும் சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்களும் தங்கள் சங்கத்தைத் தொடங்கியபோது உருவானது. சொல் புதிது, அதன் அடியில் நிற்கும் உயிரிரக்கம் நமக்குப் புதிதன்று. திருக்குறளின் 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தலையே பேசுகிறது. சீவகாருண்யத்தை வலியுறுத்திய வள்ளலார் 1867இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கினார். நம் முன்னோர் பாலை விலக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அவர்கள் வகுத்த உணவு முறையில், பால் இல்லாமலேயே நிறைவு தரும் பலகாரங்கள் நிரம்ப உண்டு.

2. பால் தந்தது என்ன?

ஒரு கோப்பை (250 மி.லி.) பசும்பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதம், 300 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து, 1 மைக்ரோகிராம் வைட்டமின் பி12 ஆகியவை உள்ளன. இம்மூன்றுக்கும் நாம் மாற்று தேட வேண்டும்.

புரதத்தை முதலில் பார்ப்போம். நல்ல உடல்நலமுள்ள பெரியவர்களுக்கு உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 0.8 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். அதில் கால் பங்கு, அதாவது 12 கிராம், காலையிலேயே கிடைத்துவிட்டால் மதியம் வரை உடல் தளராது.

இனி நம் சமையலறையில் உள்ளவற்றைக் காண்போம். 100 கிராம் பச்சைப் பயற்றில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. உளுந்திலும் அதே அளவுதான். நிலக்கடலையில் 25 கிராம். நாம் சீனர் கடைகளில் வாங்கும் தௌஹூவும் மலாய்க்காரர்களின் தெம்பேயும் சோயாவிலிருந்து வருபவை. இரண்டும் புரதம் நிறைந்தவை. இனிப்புச் சேர்க்காத சோயா பால் ஒரு கோப்பையில் ஏறத்தாழ 7 கிராம் புரதம் உண்டு. ஆனால் பாதாம் பால், அரிசிப் பால், தேங்காய்ப் பால் ஆகியவற்றில் புரதம் மிகக் குறைவு. வெண்மையாக இருப்பதெல்லாம் பாலுக்கு ஈடாகாது.

3. மூன்று பொருள் விதி

வகுப்பில் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் எளிமையாகச் சொல்கிறேன். காலைத் தட்டில் மூன்று பொருள் இருக்கிறதா என்று பாருங்கள்: தானியம் ஒன்று, பருப்பு ஒன்று, காயோ பழமோ ஒன்று. தானியம் உழைக்கும் வலிமை தரும். பருப்பு உடலைக் கட்டும். காயும் பழமும் காக்கும். தட்டில் தானியம் மட்டும் இருந்தால் அது வயிற்றை நிரப்புமே தவிர உடலை வளர்க்காது.

இட்லி, சாம்பார் இரண்டும் சேர்ந்தால் இவ்விதி நிறைவேறிவிடுகிறது. புட்டும் கடலைக் கறியும் அவ்வாறே. ஆனால் சீனி தூவிய இடியப்பமும், உருளைக்கிழங்கு மசாலா வைத்த தோசையும் அவ்வாறல்ல. அவற்றோடு ஒரு கிண்ணம் சுண்டல் சேர வேண்டும்.

4. ஏழு நாள், ஏழு பசியாறல்

கீழே தந்திருப்பவை யாவும், முந்தைய நாள் ஊறவைத்தலும் அரைத்தலும் முடிந்திருந்தால், அரை மணி நேரத்திற்குள் ஆகிவிடும். விரத நாளில் வெங்காயம் விலக்குவோர் அதை நீக்கிக்கொள்ளலாம்.

திங்கள்: இட்லி, சாம்பார். மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. நம் நாட்டு வெப்பத்தில் மாவு 6 முதல் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும். ஆவியில் 10 முதல் 12 நிமிடம் போதும். சாம்பாரைத் தண்ணீராக வைக்காமல் பருப்பு தெரியும்படி வையுங்கள். மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரும் ஏறக்குறைய 12 கிராம் புரதம் தரும். தேங்காய்ச் சட்னியை விட நிலக்கடலைச் சட்னி நல்லது.

செவ்வாய்: பச்சைப் பயறு தோசை. ஒரு கோப்பை (200 கிராம்) பயற்றை இரவில் ஊறவைத்து, காலையில் இஞ்சி, பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்து உடனே வார்க்கலாம். புளிக்க வைக்க வேண்டியதில்லை. அந்த ஒரு கோப்பையில் 48 கிராம் புரதம். நால்வர் உண்டால் தலைக்கு 12 கிராம். தக்காளிச் சட்னி தொட்டுக்கொள்ளுங்கள்.

புதன்: ஓட்ஸ் கஞ்சி. 40 கிராம் ஓட்ஸை ஒரு கோப்பை இனிப்பில்லாத சோயா பாலில் 5 நிமிடம் கிளறிக் காய்ச்சினால் போதும். ஒரு வாழைப்பழத்தை நறுக்கிப் போட்டால் சீனி வேண்டாம். மேலே ஒரு மேசைக்கரண்டி வறுத்த நிலக்கடலை. ஏழிலும் விரைவானது இதுவே. அடுப்புப் பக்கம் சென்று பழகாத இளைஞர்கள் இதில் தொடங்கலாம்.

வியாழன்: புட்டு, கொண்டைக்கடலைக் கறி. கடலை முன்பே வெந்திருந்தால் கறி 10 நிமிட வேலை. 150 கிராம் வெந்த கடலையில் ஏறக்குறைய 12 கிராம் புரதம் உண்டு. புட்டில் பாதி அரிசி மாவும் பாதி கேழ்வரகு மாவும் கலக்கலாம். புட்டு குறைவாகவும் கடலை மிகுதியாகவும் இருக்கட்டும்.

வெள்ளி: நெய்யில்லா வெண்பொங்கல். அரைக் கோப்பை அரிசி, அரைக் கோப்பை பாசிப்பருப்பு, நான்கு கோப்பை தண்ணீர். குக்கரில் ஐந்து விசில். மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, சில முந்திரி ஆகியவற்றை இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டுங்கள். பருப்பும் அரிசியும் சம அளவாக இருப்பதே இதன் சிறப்பு. மூவர் தாராளமாக உண்ணலாம். கத்தரிக்காய்க் கொத்சு உடன் இருந்தால் நெய்யின் நினைவே வராது.

சனி: தௌஹூ பொரியலும் ரொட்டியும். 100 கிராம் கெட்டித் தௌஹூவைக் கையால் உதிர்த்து, கடுகு, மஞ்சள், பச்சை மிளகாய், தக்காளியுடன் 7 நிமிடம் வதக்குங்கள். இரண்டு துண்டு முழுக்கோதுமை ரொட்டியுடன் உண்டால் ஏறக்குறைய 15 கிராம் புரதம். முட்டைப் பொரியலுக்குப் பழகிய நாக்கு இதை எளிதில் ஏற்கும்.

ஞாயிறு: கேழ்வரகுக் கூழ். ஆடி மாதத்தில் அம்மன் ஆலயங்களில் வார்க்கும் கூழ்தான். 50 கிராம் மாவைக் குளிர்ந்த நீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிக்கும் நீரில் ஊற்றி 10 நிமிடம் கிளறுங்கள். மோருக்குப் பதிலாக உப்பும் எலுமிச்சைச் சாறும் சேர்க்கலாம். இந்த அளவு மாவில் ஏறக்குறைய 170 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஆனால் புரதம் 4 கிராமுக்கும் குறைவு. ஆகவே ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையும் ஒரு துண்டு பப்பாளியும் உடன் இருக்கட்டும்.

5. வாரத்திற்கு ஒரு மணி நேரம்

காலையில் நேரமில்லை என்பது பெரும்பாலும் முதல் நாள் ஆயத்தம் இல்லை என்பதாகும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இரவே ஊறவைத்த கொண்டைக்கடலையை வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் வையுங்கள். இட்லி மாவை அரைத்து, பொங்கியபின் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். நிலக்கடலையும் எள்ளும் வறுத்துக் காய்ந்த மிளகாயுடன் பொடித்து ஒரு போத்தலில் அடைத்து வைத்தால், எந்தப் பலகாரத்திற்கும் துணையாகும்.

பயறு வகைகள் வாயுத் தொல்லை தரும் என்று அஞ்சுவோர் முதலில் சிறிது சிறிதாகப் பழகலாம். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் நன்கு குழைய வேகவைத்து, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்தால் தொல்லை குறையும்.

இன்னும் ஒன்று. தேநீரும் கோப்பியும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். எலுமிச்சையும் கொய்யாவும் பப்பாளியும் அதனைக் கூட்டும். ஆகவே பசியாறும்போது பழம். ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர்.

6. வெளியில் உண்ணும்போது

கடைப் பலகாரங்களில் கண்ணுக்குத் தெரியாமல் பால் கலந்திருக்கும். ரொட்டி சானாய் மாவில் நெய்யோ பாலோ முட்டையோ சேர்ப்பதுண்டு. நாசி லெமாக் சோற்றில் இருப்பது தேங்காய்ப் பால்தான். ஆனால் சம்பாலில் பெலாச்சானும் நெத்திலியும் இருக்கும். ரொட்டிக்குத் தடவும் காயாவில் முட்டை உண்டு. சாதாரண மைலோவிலும் ஓர்லிக்ஸிலும் பால் பொடி சேர்ந்திருக்கிறது. 'மூன்று சேர்ந்த' கோப்பிப் பொட்டலங்களில், பாலல்லாத வெண்பொடி என்று குறிப்பிட்டிருந்தாலும், பாலிலிருந்து எடுத்த கேசினேட் இருக்கக்கூடும். சைவக் கடைகளில் விற்கும் போலி இறைச்சி சிலவற்றில் முட்டையும் பாலும் உண்டு. கேட்டு வாங்குவதில் வெட்கம் வேண்டாம். நெய் விடாத தோசை, சாம்பார், ஒரு தட்டுச் சுண்டல், சீனி குறைத்த தே ஓ என்றால் எந்தக் கடையிலும் புரிந்துகொள்வர்.

7. மறக்கக் கூடாத ஒன்று

இப்போது சொல்லப்போவதை அருள்கூர்ந்து ஊன்றிப் படியுங்கள். வைட்டமின் பி12 தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. புளித்த இட்லி மாவில் உண்டு, பழைய சோற்றில் உண்டு, பாசித் தூளில் உண்டு என்றெல்லாம் சொல்வதை நம்பியிருக்க வேண்டாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. பி12 சேர்த்துத் தயாரித்த சோயா பால் போன்றவற்றாலோ மாத்திரையாலோதான் அதனைப் பெற வேண்டும். மாத்திரை வாங்கும்போது ஜெலட்டின் உறை இல்லாததைக் கேளுங்கள். ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது.

இதன் குறைவு உடனே தெரியாது. ஈரலில் சேமிப்பு இருப்பதால் சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். சோர்வு, மறதி, கால் விரல்களில் மரத்துப்போதல், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு ஆகியவை அதன் அடையாளங்கள். நம்மவர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்து உண்டு. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு ஆய்வில், பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 விழுக்காடு. இரண்டு ஆய்வுகளிலும் இந்தியர்களிடையேதான் விகிதம் மிகுதி. நாம் இனிப்பு நீர் என்று அழைக்கும் அந்நோய்க்குத் தரப்படும் மெட்ஃபோர்மின் மாத்திரை, நெடுநாள் உட்கொண்டால் உடலில் பி12 அளவைக் குறைக்கக் கூடியது. கால் மரத்துப்போனால், "இது இனிப்பு நீரால் வந்தது" என்று நாமே முடிவு கட்டி இருந்துவிடுவோம். பி12 குறைவினாலும் அது வரலாம். கவனியாது விட்டால் நரம்புகளுக்கு நேரும் சேதம் நிரந்தரமாகிவிடக்கூடும். ஆகவே அம்மாத்திரை உண்போர் பாலை விடுவதற்கு முன் கிளினிக்கில் சொல்லி, பி12 அளவைப் பரிசோதித்துக்கொள்வது நலம்.

நீரிழிவு உள்ளோர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சைவம் என்பதாலேயே சர்க்கரை குறையாது. கூழும் இட்லியும் மாவுப் பொருள்களே, அளவு வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று மரம் சீவிய தலைமுறை உண்ட அளவை, நாற்காலியில் அமர்ந்து வேலை செய்யும் நாம் உண்ண இயலாது. சிறுநீரகக் கோளாறு உள்ளோர் பருப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தைராய்டு மாத்திரை உண்போர் அதனை வெறும் வயிற்றில் உண்டு, சோயா உணவைத் தள்ளி உட்கொள்ள வேண்டும். கருவுற்ற தாய்மாரும் வளரும் குழந்தைகளும் மருத்துவர் வழிகாட்டுதல் இன்றி இந்நெறியைத் தொடங்கலாகாது.

8. பாற்குடம் எடுப்போர் கேட்கும் கேள்வி

"பால் உண்பதில்லை என்று சொல்லிவிட்டு, ஆலயத்தில் பாற்குடம் எடுப்பது முரண் ஆகாதா?" என்று இளையோர் சிலர் கேட்கின்றனர். "ஆலயத்தில் பிள்ளைகள் பிரசாதத்தை மறுக்கிறார்களே" என்று பெரியோர் சிலர் வருந்துகின்றனர். இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றே. ஆலய வழிபாடு ஆகம முறைப்படி நடப்பது. நம் தட்டில் எதை இடுவது என்பது நம் மனச்சான்றைப் பொறுத்தது. பாற்குடத்திற்குப் பதிலாகப் பன்னீரோ இளநீரோ பூவோ கொண்டு வந்து வணங்க விரும்புவோர் குருக்களைக் கலந்துகொள்ளலாம். பஞ்சாமிர்தத்தில் தேன் இருப்பதாலும், சர்க்கரைப் பொங்கலில் நெய் இருப்பதாலும் உண்ணத் தயங்குவோர், திருநீறும் தீர்த்தமும் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் பக்தியில் குறைவொன்றும் இல்லை. பெரியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம். அவர்களும் பால் அருந்தும் பெரியவர்களை இகழ வேண்டாம். உயிரிரக்கம் என்பது உடன் வாழும் மனிதரிடமும் காட்ட வேண்டியது.

அன்னதான உபயம் ஏற்கும் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் உபய நாளில் நெய்யும் பாலும் சேராத ஒரு பருப்பு உணவு பந்தியில் இருக்கட்டும். கடலைச் சுண்டலோ பாசிப்பருப்புப் பொங்கலோ போதும். செலவு அதிகமில்லை, எல்லோரும் உண்ணலாம், யாரும் இலையை மூடி எழ வேண்டியதில்லை.

9. எங்கே தொடங்குவது?

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற முனைய வேண்டாம். முதல் வாரம் காலை ஒரு வேளை மட்டும் பாலின்றி உண்ணுங்கள். மேலே சொன்ன ஏழில் உங்களுக்குப் பிடித்த இரண்டை மட்டும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இரண்டாம் வாரம் தேநீரில் பாலை நிறுத்துங்கள். பால் தேநீரை விட முடியாதோர் சோயா பால் சேர்க்கலாம். தேநீர் கொதிக்கும் சூட்டில் ஊற்றாமல் சற்று ஆறியபின் ஊற்றினால் திரியாது. மூன்றாம் வாரம் பி12 மாத்திரைக்கு ஏற்பாடு செய்துகொண்டு, மற்ற வேளைகளுக்குச் செல்லுங்கள். மண்டலம் நிறைவதற்குள் இது பழக்கமாகிவிடும்.

விரதம் என்பது ஒன்றை விடுவது மட்டும் அன்று. விட்ட இடத்தில் நல்லதொன்றை நிறுத்துவதுமாகும். எடுத்த நெறி நிலைக்க வேண்டுமாயின் உடலும் நிலைக்க வேண்டும். நாளைக் காலைக்காக இன்றிரவே ஒரு கோப்பை பச்சைப் பயற்றை ஊறவையுங்கள். எல்லா உயிர்களும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக.